ஏறிக்கொண்டே போன சதவீதம் ஏன் பூஜ்யத்தில் விழுந்தது?

நீங்கள் கேட்டது இது: "2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பரில் பூமியில் மோத ஒரு சதவீத வாய்ப்பு என்றார்கள். பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரே வாரத்தில் ஒன்றுமில்லை என்று கைகழுவிவிட்டார்கள். இவர்களுக்குக் கணக்குத் தெரியாதா, இல்லை எதையாவது மறைக்கிறார்களா?"

இரண்டும் இல்லை. அந்த எண் ஏறியதும் சரி, விழுந்ததும் சரி. மோதாமல் போகும் சிறுகோள்களில் பல இப்படித்தான் முதலில் ஏறிப் பிறகு சரியும். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் சிறுகோளைக் கண்டுபிடிக்கும் இரவிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் தொழில்முறை வானியலாளன் அல்லன். சிறுகோள் படங்களை அளந்து, பாதை கணிக்கும் நிரலோடு மல்லுக்கட்டிப் பல இரவுகளைக் கழித்தவன். இந்தக் கணக்கு எங்கே வழுக்கும் என்பது அந்த அனுபவத்தில் வந்தது.

இரவில் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்க்கிறீர்கள். ஒரு சிறு ஒளி நகர்கிறது. அது பத்தடி தூரத்தில் மெல்லப் பறக்கும் மின்மினியாக இருக்கலாம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் விரையும் விமானமாகவும் இருக்கலாம். எந்தத் திசையில் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு தூரம், நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பது தெரியவில்லை. தொலைநோக்கியின் நிலையும் இதேதான். ஒரு படத்திலிருந்து கிடைப்பவை இரண்டு கோணங்கள். வானத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் எந்தப் படத்திலும் பதிவாவதில்லை.

2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டின் ரியோ உர்த்தாதோவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கிக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்ட சில புள்ளிகள்தான். நட்சத்திரங்கள் அசையாமல் இருக்க, ஒரு புள்ளி மட்டும் படத்துக்குப் படம் இடம் மாறியிருந்தது. இத்தகைய புள்ளிகளின் இருப்பிடங்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் சிறுகோள் மையத்துக்கு அனுப்பப்படும். உலகத்தில் யார் சிறுகோளை அளந்தாலும் அந்த அளவீடு அங்கேதான் போய்ச் சேரும். மையம் அதை 'உறுதிசெய்ய வேண்டியவை' என்ற பொதுப் பட்டியலில் போடும்; அன்றிரவு வானம் தெளிவாக இருக்கும் ஊர்க்காரர்கள் அந்தப் புள்ளியைத் தேடிப் பிடித்து மேலும் அளந்து அனுப்புவார்கள். தொழில்முறை ஆய்வகங்களோடு, சொந்தத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்களும் இதில் சரிசமமாகக் கலந்துகொள்கிறார்கள். அறிவியலில் இன்னும் இப்படி ஒரு மூலை மிச்சமிருப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஜாதகம் கணிப்பவர்கள் பிறந்த நேரம் துல்லியமாக வேண்டும் என்பார்கள் அல்லவா? சிறுகோளின் ஜாதகத்துக்கும் அதே நிபந்தனை உண்டு, இங்கே உண்மையாகவே. பூமிக்கு அருகில் வரும் சிறுகோள் வானில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாகை நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. அப்படியானால் அது விநாடிக்கு ஒரு விகலை நகர்கிறது. இப்படி வேகமாக ஓடிய ஒரு சிறுகோளை முதன்முதலில் அளந்தபோது, என் அளவீடுகள் எல்லாம் ஒரே திசையில் நாற்பது விகலை பிசகியிருந்தன. கண்ணாடியைத் துடைத்தேன், படங்களைத் திரும்பத் திரும்ப அளந்தேன். குற்றவாளி கணினியின் கடிகாரம்; அது நாற்பது விநாடி தவறாக ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஊர்ந்து செல்லும் சிறுகோள்களை அளந்தவரை அந்தப் பிழை தெரியவே இல்லை. பக்கத்தில் வந்தவன்தான் அதைக் காட்டிக்கொடுத்தான்.

சரி, புள்ளிகள் கிடைத்துவிட்டன. சூரியனைச் சுற்றும் பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும்: பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நசுங்கியது, எவ்வளவு சாய்ந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு ஐந்து, குறிப்பிட்ட நேரத்தில் அந்தப் பாதையில் சிறுகோள் எங்கே இருந்தது என்பதற்கு ஒன்று. ஒரு படத்துக்கு இரண்டு கோணம் என்றால், மூன்று படங்களில் ஆறு எண்கள். கணக்கு நேராகிவிட்டதுபோல் தோன்றும். 1801-ல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் இதைத்தான் செய்து காட்டினார். அவ்வாண்டு ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலேர்மோவில் வானியலாளர் பியாட்சி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டார். 41 நாட்கள் பின்தொடர்ந்தார். பிறகு அது சூரிய ஒளியில் மறைந்து தொலைந்துபோனது. 24 வயது காஸ் அந்தச் சில வாரக் குறிப்புகளை வைத்துக் கணித்தார். ஆண்டின் கடைசி நாளில் அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே அது மீண்டும் அகப்பட்டது.

ஆனால் காஸிடம் 41 நாட்கள் இருந்தன. முதல் இரவில் நம்மிடம் இருப்பது சில நேரம் அரை மணி நேரம்தான். ஒரு பெரிய வட்டத்தின் விளிம்பில் ஒரு நகக்கண் அளவு மட்டும் காட்டி, முழு வட்டத்தை வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தச் சிறு துண்டு நேர்கோடுபோலவே தெரியும். அதன் வளைவில்தான் தூரம் ஒளிந்திருக்கிறது. அந்த வளைவோ அளவீட்டுப் பிழைக்குள் மூழ்கிக் கிடக்கும். எனவே முதல் இரவில் காஸின் முறையைப் போட்டால், சூரிய மண்டலத்தைவிட்டே ஓடிப்போகும் பாதை ஒன்றை நிரல் எந்தக் கூச்சமும் இல்லாமல் உங்களிடம் நீட்டும். அனுபவம் இல்லாதவர்கள் அதை நம்பிக் கொண்டாடிய கதைகளும் உண்டு.

இதற்கு இன்றைய நிரல்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. நாசாவுக்காக ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் ஸ்கௌட் என்ற நிரல், தூரம் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. 'இது ஒரு லட்சம் கி.மீ.-ல் இருந்தால் பாதை எப்படி, பத்து லட்சத்தில் இருந்தால் எப்படி, கோடியில் இருந்தால் எப்படி' என்று வரிசையாக எல்லாத் தூரங்களையும், எல்லா வேகங்களையும் வைத்துப் பார்க்கும். படத்தோடு ஒத்துப்போகாதவை கழியும். ஒத்துப்போகும் ஆயிரக்கணக்கான பாதைகளில் ஏதாவது ஒன்று அடுத்த சில நாட்களுக்குள் பூமியைத் தொடுகிறதா என்று பார்த்து, தொட்டால் உடனே மணியடிக்கும்.

அந்த மணி மெய்யாகவே ஒலித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2008 அக்டோபர் ஒரு நல்ல சாட்சி. ஸ்கௌட் அப்போது இல்லை, வேலை ஒன்றுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் ரிச்சர்ட் கோவல்ஸ்கி ஒரு சிறு பாறையைக் கண்டார். நான்கு மீட்டர் அளவு, பெயர் 2008 டிசி3. அடுத்த நாளே அது சூடானில் விழும் என்று கணக்கு சொன்னது. விண்வெளியில் கண்ட ஒரு பாறை பூமியில் மோதும் முன்பே அதைக் கணித்தது அதுவே முதல் முறை. கையில் இருந்தது சுமார் இருபது மணி நேரம். அதற்குள் உலகெங்கிலுமிருந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அளவீடுகள் குவிந்தன. ஒவ்வொரு அளவீடும் வரவர நிகழ்தகவு நூறில் போய் ஒட்டிக்கொண்டது. விழும் இடம் நூபியப் பாலைவனத்தில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த ஒரு பயணிகள் விமானத்தின் விமானி, முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்ததால், ஏறத்தாழ 1,400 கி.மீ. தள்ளி வானம் மின்னியதைப் பார்த்தார். பின்னர் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் பாலைவனத்தில் வரிசையாக நடந்து, கருங்கற்களாகச் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினார்கள். அந்த இடத்துக்கு அருகே ரயில் நிறுத்தம் ஒன்று உண்டு. பெயர் 'ஆறாம் நிலையம்'. அரபியில் அல்மஹாத்தா சித்தா. அந்த விண்கற்களின் பெயரும் அதுதான்.

ரயில் என்று சொன்னதும் உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கே வந்துவிட்டோம். சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் லெவல் கிராசிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் குறுக்கிடுகின்றன என்பதாலேயே விபத்து நடந்துவிடாது. பஸ்ஸும் ரயிலும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். சிறுகோளின் பாதையும் பூமியின் பாதையும் எவ்வளவு நெருங்குகின்றன என்பது முதல் கேள்வி. இதற்கு ஓரளவு சீக்கிரமே விடை கிடைத்துவிடும். சிறுகோள் அந்தச் சந்திப்புக்கு எந்த நிமிடத்தில் வரும் என்பது இரண்டாவது. உயிரை எடுப்பது இதுதான்.

பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. ஓடுகிறது. பூமியின் குறுக்களவு 12,756 கி.மீ. ஆக, பூமி தன் உடலின் அகலத்தைக் கடக்க ஏழு நிமிடம் போதும். சிறுகோள் அந்த ஏழு நிமிடத்தைத் தவறவிட்டால், தண்டவாளம் காலியாக இருக்கும். ரயில் போய்விட்டிருக்கும், அல்லது இன்னும் வந்திருக்காது. ஒய்ஆர்4 சூரியனைச் சுற்ற எடுக்கும் காலம் சுமார் நான்கு ஆண்டு, அதாவது 21 லட்சம் நிமிடம். அதில் பத்தே பத்து நிமிடம் நம் கணிப்பு பிசகியிருந்தால்? 2032-க்குள் அது இரண்டு சுற்று வரும். பிழை இருபது நிமிடமாகும். அந்த இருபது நிமிடத்தில் பூமி 35,000 கி.மீ.-க்கு மேல் நகர்ந்திருக்கும், கிட்டத்தட்ட மூன்று பூமி அகலம். இருபத்தோரு லட்சத்தில் பத்து என்பது அற்பப் பிழை. ஆனால் மோதலா இல்லையா என்பதை அந்த அற்பம்தான் தீர்மானிக்கிறது.

இதனால்தான் நிபுணர்கள் ஒரு பாதையைக் கணிப்பதில்லை. பாதைகளின் கூட்டத்தையே கணிக்கிறார்கள். எல்லா அளவீடுகளுக்கும் மிக நெருக்கமாகப் பொருந்தும் பாதையை மீச்சிறு வர்க்க முறையில் கண்டுபிடித்து, அதைச் சுற்றி, அளவீட்டுப் பிழைக்கு உட்பட்டு இருக்கக்கூடிய மற்ற பாதைகளையும் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனைச் சிறுகோளை ஓடவிடுவார்கள். தொடக்கத்தில் இவை ஒன்றோடொன்று ஒட்டிய சிறு கூட்டமாக இருக்கும். சற்றுப் பெரிய பாதையில் இருப்பவை பின்தங்கும். சற்றுச் சிறிய பாதையில் இருப்பவை முந்தும். மாரத்தான் ஓட்டத்தில் நடப்பதுதான். ஆண்டுகள் போகப்போகக் கூட்டம் பக்கவாட்டில் அதிகம் விரியாமல், ஓடும் திசையில் மட்டும் நீண்டு, மணிகள் கோத்த மாலைபோல் ஆகிவிடும். 2032 டிசம்பர் 22 அன்று அந்த மாலை பூமியின் மேல் கிடக்கிறதா, கிடந்தால் எத்தனை மணிகள் பூமியைத் தொடுகின்றன என்று எண்ணினால், அதுவே நீங்கள் செய்தியில் பார்த்த சதவீதம்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக எளிமையாக்கிச் சொல்கிறேன்: மாலையின் நீளம் பத்து லட்சம் கி.மீ., மணிகள் சீராகப் பரவியிருக்கின்றன, பூமி அதன் நடுவில் எங்கோ இருக்கிறது. 12,756-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் 1.3 சதவீதம். அடுத்த சில வாரங்களில் மேலும் அளவீடுகள் வருகின்றன. மாலை நான்கு லட்சம் கி.மீ.-ஆகச் சுருங்குகிறது. பூமி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: 3.2 சதவீதம். சிறுகோள் ஒரு அங்குலம்கூடத் தன் வழியை மாற்றவில்லை. பூமியும் வீங்கவில்லை. நம் அறியாமை சுருங்கியது. அந்தச் சுருங்கிய அறியாமைக்குள் பூமி பிடித்திருக்கும் பங்கு பெருத்தது. மாலை மேலும் சுருங்கும்போது அதன் ஒரு முனை பூமியைத் தாண்டி விலகுகிறது. அந்த நொடியில் மூன்று சதவீதம் மளமளவென்று சரிந்துவிடும். படிப்படியாக இறங்க அங்கே படிக்கட்டு இல்லை.

ஒய்ஆர்4-ல் நடந்தது அப்படியே இதுதான். 2025 ஜனவரி 27 அன்று மோதல் நிகழ்தகவு ஒரு சதவீதத்தைத் தாண்டியது. ஜனவரி 29 அன்று சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறைப்படி அறிவிப்பு விடுத்தது. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும் என்பது முன்பே வகுத்த விதி. பிப்ரவரி நடுவில் முழுநிலவு வந்து, மங்கிக்கொண்டிருந்த சிறுகோளைப் பார்க்கவிடாமல் சில நாள் கெடுத்தது. நிலவு விலகியதும் புதிய அளவீடுகள் வந்தன. பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணக்கு 3.1 சதவீதம். மறுநாள் 1.5. அதற்கு மறுநாள் 0.28. பிப்ரவரி 24-ல் 0.004. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறைக்கிறார்களா என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். நாசாவின் சென்ட்ரி, ஐரோப்பிய விண்வெளி முகமையின் மையம், இத்தாலியின் பைசாவில் தொடங்கிய நியோடிஸ் என்று மூன்று இடங்களில் மூன்று குழுக்கள் தனித்தனி நிரல்களால் இதே கணக்கைப் போடுகின்றன. முடிவுகள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் ஒருவரோடு ஒருவர் பேசிச் சரிபார்க்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் அளவீடுகள் எல்லாருக்கும் திறந்தவை. வீட்டுக் கணினியில் ஓடும் இலவச நிரல்களே இருக்கின்றன. ஐரோப்பியக் கணக்கில் உச்சம் 2.8 சதவீதம், நாசாவில் 3.1. இந்த வித்தியாசத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எந்த ஆய்வகத்தின் அளவீட்டை எவ்வளவு நம்புவது என்பதில் இரு குழுக்களும் வேறு வேறு எடை போடுகின்றன. இரண்டு எண்ணும் அச்சாக ஒன்றாக இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "எல்லாம் கடைசியில் பூஜ்யம்தான் ஆகும், எனக்கு முன்பே தெரியும்" என்று பிப்ரவரி 24-க்குப் பிறகு மீசையை முறுக்கியவர்கள் பலர். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று சதவீதம் என்றால், இதே நிலையில் நூறு சிறுகோள்கள் இருந்தால் தொண்ணூற்று ஏழு விலகும், மூன்று வந்து விழும் என்பதே பொருள். அந்த மூன்றில் ஒன்றாக இருந்திருந்தால் பிப்ரவரி 19-ல் எண் ஐந்தாகவும் பிறகு பத்தாகவும் ஏறி, சூடான் பாறையைப்போல் நூறில் போய் முட்டியிருக்கும். பிப்ரவரி 18 அன்று இரண்டு கதைகளும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அன்று 3.1 என்று சொன்னதே அன்றைக்குச் சரியான விடை.

கதையின் வால் ஒன்று மிச்சமிருக்கிறது. பூமியைத் தவறவிட்டு விலகிய அந்த மாலை, சந்திரன் இருக்கும் பக்கமாக விழுந்தது. எனவே நிலவில் மோதும் நிகழ்தகவு தலைதூக்கியது: பிப்ரவரி இறுதியில் 1.7 சதவீதம், ஏப்ரலில் 3.8, ஜூனில் 4.3. செய்தி வாசிப்பவர்கள் மறுபடி குரலை உயர்த்தினார்கள். மாலை சுருங்க, பங்கு பெருக்க, அதே கணக்கு. பூமி நின்ற இடத்தில் அப்போது நிலா.

அளவைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: புள்ளியின் வெளிச்சத்தை வைத்து அளவைச் சொல்வது, தூரத்தில் தெரியும் வேட்டியின் வெண்மையை வைத்து ஆளின் உயரத்தைச் சொல்வதுபோல. கரிபோன்ற கறுப்புப் பாறை பெரிதாக இருந்தும் மங்கலாகத் தெரியும். வெளுத்த பாறை சிறிதாக இருந்தும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஒய்ஆர்4-ஐ 40 முதல் 90 மீட்டர் வரை என்று இழுத்தடித்தார்கள். இந்த இரு எல்லைகளுக்கும் இடையே எடையில் பதினோரு மடங்கு வித்தியாசம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அகச்சிவப்பில் அளந்த பிறகே 60 மீட்டர் அளவு என்று நிலைபெற்றது.

மோதல் ஆபத்தைச் சொல்லும் டொரினோ அளவுகோல் என்ற பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்ணையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1998 மார்ச்சில் 1997 எக்ஸ்எஃப்11 என்ற சிறுகோள் 2028-ல் ஆபத்தாக நெருங்கலாம் என்று அவசரப்பட்டு அறிவித்து, மறுநாளே 1990-ஆம் ஆண்டின் பழைய படங்களால் அது பொய்த்துப்போய், வானியலாளர்கள் தலைகுனிந்தார்கள். மக்களுக்கு அளந்து சொல்ல ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் அதில் வலுப்பெற்றது; 1999-ல் இந்த அளவுகோல் ஏற்கப்பட்டது. ஒய்ஆர்4 அதில் மூன்றைத் தொட்டது. என் சொந்தக் கருத்து: அதன் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்கள் தொலைக்காட்சிக்குத் தீனி போட்டதே அதிகம். நிபுணர்கள் தங்களுக்குள் பயன்படுத்துவது பலேர்மோ அளவுகோல். 'இந்தப் பாறையின் ஆபத்து, அன்றுவரை முகம் தெரியாத ஏதோ ஒரு பாறை வந்து விழும் வழக்கமான ஆபத்தைவிட எவ்வளவு பெரியது' என்று அது கேட்கிறது. கேள்வி நியாயமானது, ஆனால் மடக்கை அளவில் வரும் விடையைச் செய்தியில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்த முகம் தெரியாத பாறைதான் உண்மையில் கவலை தருவது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் ஏறக்குறைய இருபது மீட்டர் பாறை வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கிச் சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். அதற்கு நிகழ்தகவு எதுவும் சொல்லப்படவில்லை, ஏனெனில் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. சூரியன் இருக்கும் பக்கமிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் வேறொரு சிறுகோள் 27,700 கி.மீ. உயரத்தில் பூமியைக் கடக்கும் என்று முன்பே கணித்துவைத்து, எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அது சொன்னபடி, சொன்ன நேரத்தில் போனது. ஒய்ஆர்4-ம் 2024 டிசம்பர் 25 அன்றே பூமியை எட்டு லட்சம் கி.மீ.-க்குச் சற்று அதிகமான தூரத்தில் கடந்துவிட்டது. நம் கண்ணில் பட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து. திருடன் போன பிறகு முதுகைப் பார்த்திருக்கிறோம். பகல் வெளிச்சப் பக்கத்தைப் பூமியிலிருந்து துழாவ முடியாது. அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றை விண்வெளிக்கு அனுப்பும் திட்டம் அதற்காகத்தான்.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கணிக்க வேண்டுமானால் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்ளும். வெயிலில் சூடாகும் பாறை, சுழன்றுகொண்டே அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் பாறையை மிக மெல்லத் தள்ளுகிறது. யார்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். பென்னு என்ற சிறுகோளை விண்கலம் அருகில் இருந்தே அளந்ததில், அதன் பாதையின் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீளமான குறுக்களவில் பாதி) இந்தத் தள்ளலால் ஆண்டுக்கு 284 மீட்டர் சுருங்குவது தெரிந்தது. கையளவு தூரம்தான். 2182 செப்டம்பர் 24-ல் அது மோத 2,700-ல் ஒரு வாய்ப்பு என்ற கணக்கு, இந்தக் கையளவையும் சேர்த்துப் போட்டது.

கடைசியாக, ஒய்ஆர்4-க்கு இருபது ஆண்டுக்கு முன் இதே நாடகம் நடந்ததை நம்மில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. கவனிக்க முடியாத நாட்கள் அவை. 2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டுப் பிறகு கைநழுவிய ஒரு சிறுகோளை டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் பிடித்தார்கள். பிற்பாடு அபோஃபிஸ் என்று பெயர் பெற்றது. 300 மீட்டருக்கு மேல் குறுக்களவு. 2029 ஏப்ரல் 13-ல் மோதும் நிகழ்தகவு கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஏறியது. டொரினோ அளவில் நான்கு; அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சிறுகோளும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதம், அதாவது 37-ல் ஒன்று. ஆனால் டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும், கடலுக்கு அப்பால் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த வாரத்தில், 25 ஆண்டு கழித்து வரப்போகும் கல்லைப் பற்றி எந்தச் செய்தித்தாள் எழுதும்?

அதே 27-ஆம் தேதியே பழைய படங்களில் விடை கிடைத்துவிட்டது. அரிசோனாவின் ஸ்பேஸ்வாட்ச் தொலைநோக்கி 2004 மார்ச்சில் எடுத்து, யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த படங்களில் அந்த மங்கலான புள்ளி இருந்தது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. ஜூனுக்கும் மூன்று மாதம் முந்தைய ஒரே புள்ளி, அதுவரை சேர்த்த அளவீடுகளின் கால நீளத்தைப் பின்னோக்கி இழுத்து, மாலையைச் சுருக்கிப் பூமியைவிட்டு விலக்கியது. 2029 மோதல் இல்லை என்றானது. பிறகு 2036 பற்றிய சிறு ஐயம் 2013-லேயே தீர்ந்தது; 2068 என்று தொங்கிக்கொண்டிருந்த ஐயத்தை 2021 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் தீர்த்துவைத்தது. ரேடார் தூரத்தையே நேரடியாக அளக்கும். மின்மினியா விமானமா என்ற குழப்பத்துக்கு அங்கே இடமே இல்லை. அதன் பிறகு, 2029-ல் அபோஃபிஸ் பூமியை எவ்வளவு நெருங்கும் என்பதில் இருக்கும் பிழை சில கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது.

நிலப்பரப்பிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்துக்கும் கீழே, அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் அது கடந்து போகும். இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14, அதிகாலை மூன்றே கால் மணி வாக்கில். சித்திரை முதல் நாள், பஞ்சாங்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.